பழைய டெஸ்க்டாப்பைக் குறைந்த செலவில் வேகமாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாங்கி எட்டு, பத்து, பன்னிரண்டு வருடம் ஆன டெஸ்க்டாப். வாங்கியபோது பறந்தது, இப்போது ஊர்ந்து போகிறது. புதிது வாங்கப் பணம் இல்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. இப்படிப்பட்ட பெட்டிகளைத் திறந்து, துடைத்து, தேவையானதை மட்டும் மாற்றிக் கொடுக்கும் வேலையை நெடுநாளாகச் செய்துவருகிறேன். திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் கீழே இருக்கின்றன.

என் கணினி ரொம்ப மெதுவாகிவிட்டது. முதலில் எதை வாங்குவது?

முதலில் எதையும் வாங்க வேண்டாம். கணினி மெதுவாக இருக்கிறதென்றால் அது எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. எதற்காக என்று கண்டுபிடித்த பிறகுதான் பணத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டிவிட்டு, 'அப்படியும் ஆன் ஆக ஐந்து நிமிடம் ஆகிறது' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய ஹார்ட் டிஸ்க் தேய்ந்து போயிருந்தது. கார்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதி கூட ஆகியிருக்காது, சரியான பாகத்தை வாங்கியிருந்தால்.

கண்டுபிடிப்பது சுலபம். கணினியை ஆன் செய்து டெஸ்க்டாப் வந்தவுடன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் என்ற பத்திகளின் தலையில் சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டே நீங்கள் தினமும் செய்கிற வேலையைச் செய்யுங்கள்: பிரவுசரைத் திறங்கள், ஒரு பெரிய ஃபைலைத் திறங்கள். எங்கே சிவக்கிறது என்று பாருங்கள்.

பழைய பெட்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான்: டிஸ்க் 100 சதவீதத்தில் அசையாமல் நிற்கும். ஆனால் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் போய்ப் பார்த்தால் படிக்கும் வேகம் வினாடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் இருக்கும். முழு மூச்சாக உழைத்தும் கையில் எதுவும் சேராத நிலை. அங்கே குற்றவாளி ஹார்ட் டிஸ்க்.

ஒரு எச்சரிக்கை. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றாலும் டிஸ்க் 100க்குப் போகும். மெமரி என்பது ரேம்தான், திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைக்கும் இடம். அதில் இடமில்லாமல் விண்டோஸ் பாதியை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுப்பதால் வருவது அது. ஆகவே டிஸ்க் பத்தியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பக்கத்தில் மெமரி எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சிபியுதான் 100 சதவீதத்தில் இருக்கிறது. அப்படியானால் ப்ராசஸர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. அந்தப் பத்தியின் தலையில் ஒருமுறை க்ளிக் செய்தால் அதிகம் தின்னும் ப்ரோகிராம் மேலே வந்துவிடும். விண்டோஸ் அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ ஓடிக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

அதோடு ப்ராசஸரின் வேகத்தையும் கவனியுங்கள். 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டிய ப்ராசஸர், 100 சதவீத வேலையில் இருக்கும்போதும் 1 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே நின்றால் அது சூட்டில் தவிக்கிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மருந்து அடுத்த பதிலில்.

காசே செலவழிக்காமல் என்ன செய்ய முடியும்?

நிறைய. முதலில் தூசி. பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து பாருங்கள். ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேனுக்கும் அதன் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளி விரித்தது போலப் படிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனைக் கழற்றினால்தான் அந்தக் கம்பளி கண்ணில் படும். காற்றே போகாத இடத்தில் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றி என்ன பயன்? மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள். ப்ளோயர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும்.

அந்த அலுமினியத் தகடுகளை, அதாவது ஹீட்சிங்கை, கழற்ற நேர்ந்தால், அதற்கும் ப்ராசஸருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, புதிய பேஸ்ட்டை ஒரு பட்டாணி அளவுக்கு நடுவில் வைத்தால் போதும். கழற்றும் முன் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் காய்ந்த பேஸ்ட் இளகிக் கொடுக்கும். குளிர்ந்த நிலையில் வெடுக்கென்று இழுத்தால் சில ஏஎம்டி போர்டுகளில் ப்ராசஸரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், கால்கள் வளைந்துவிடும். ஆகவே மெதுவாக, இடமும் வலமும் திருகி எடுங்கள்.

பிறகு டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கம். கணினி ஆன் ஆகும்போதே தானாகக் கிளம்பும் ப்ரோகிராம்களில் உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படாதவற்றை டிஸேபிள் செய்யுங்கள். இதனால் எதுவும் அழிந்துவிடாது, தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.

எஸ்எஸ்டி போட்டால் வேகமாகும் என்கிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

தெரியும். பழைய கணினிக்கு ஒரே ஒரு பாகம் வாங்க முடியும் என்றால், ரேம் அடியோடு குறைவாக இல்லாத பட்சத்தில், நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது எஸ்எஸ்டிதான், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் சிப் வகை டிரைவ். ஏன் என்று புரிந்துகொண்டால் நீங்களே நம்புவீர்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றுகிறது. வினாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி ஆகிறது. தேவையான தகவல் ஊசிமுனைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிவினாடிக்குச் சற்று அதிகம், காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்த ஊசிக்கை சரியான தடத்துக்கு நகர இன்னும் எட்டு, ஒன்பது மில்லிவினாடி. கூட்டிப் பாருங்கள்: ஒரு துண்டுத் தகவலை எடுக்கக் கிட்டத்தட்ட 12, 13 மில்லிவினாடி. வினாடிக்கு எண்பது துண்டு எடுத்தாலே பெரிய விஷயம். விண்டோஸ் எழுந்து நிற்கவோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் தேடி எடுத்தாக வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் வழக்கமான கேபிள் முறைதான் சாட்டா) கூட இப்படிப்பட்ட துண்டுகளை வினாடிக்குப் பல்லாயிரம் எடுத்துத் தரும்.

பத்து வருடப் பழைய ப்ராசஸர் அப்படியொன்றும் மெதுவானதில்லை. இத்தனை நாள் அது டிஸ்க்கின் வாசலில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

என் மதர்போர்டில் இருப்பது சாட்டா 2. எஸ்எஸ்டி போடுவது வீண் இல்லையா?

வீண் இல்லை. சாட்டா 3 என்றால் வினாடிக்கு 550 எம்பி வரை வரும், சாட்டா 2 என்றால் அதில் பாதி. பெரிய ஃபைலை ஒரே மூச்சில் காப்பி செய்யும்போது மட்டும்தான் அந்தப் பாதி கணக்கில் வரும். தினசரி வேலையில் நீங்கள் உணரும் வேகம் மேலே சொன்ன சின்னத் துண்டுகளால் வருவது. அது சாட்டா 2-விலும் அப்படியே கிடைக்கும். மதர்போர்டில் சில துளைகள் சாட்டா 3 ஆகவும் மற்றவை சாட்டா 2 ஆகவும் இருந்தால் எஸ்எஸ்டியை சாட்டா 3-ல் மாட்டுங்கள். வேறு நிறத்திலோ பக்கத்தில் 6ஜி என்ற எழுத்தோடோ இருக்கும்.

எம்.2 என்விஎம்இ வகை இன்னும் வேகமாமே, அதை வாங்கலாமா?

என்விஎம்இ என்பது சாட்டாவை விட வேகமான இணைப்பு முறை. உங்கள் போர்டில் எம்.2 ஸ்லாட் (சின்ன எஸ்எஸ்டியை நேராகச் செருகும் துளை) இருந்து, அதில் என்விஎம்இ வேலை செய்யும் என்று போர்டின் கையேட்டில் போட்டிருந்தால் வாங்கலாம். 2014-க்கு முந்தைய போர்டுகளில் பெரும்பாலானவற்றின் பயாஸுக்கு (ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) என்விஎம்இயிலிருந்து பூட் ஆகத் தெரியாது. அடாப்டர் கார்டு போட்டு மாட்டினால் தகவல் வைக்கும் டிரைவாகத் தெரியும், விண்டோஸ் அதிலிருந்து கிளம்பாது. இன்னொன்று: எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும்தான். அந்த வடிவத்தில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. மாற்றி வாங்கினால் ஸ்லாட்டுக்குள் அழகாகப் போய் உட்காரும், ஆனால் வேலை செய்யாது. பழைய பெட்டிக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும். அடுத்த கணினிக்கும் அதைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

எஸ்எஸ்டி எவ்வளவு கொள்ளளவு வாங்க வேண்டும்? மலிவாகக் கிடைப்பதை நம்பலாமா?

பழைய ஹார்ட் டிஸ்க்கைப் படங்களுக்கும் வீடியோவுக்கும் வைத்துக்கொள்வீர்கள் என்றால் 240 அல்லது 256 ஜிபி போதும். எல்லாமே எஸ்எஸ்டியில்தான் என்றால் 500. 120 ஜிபி வேண்டாம். அப்டேட்டுகள் சேரச் சேர விரைவில் நிறைந்துவிடும். நிறைந்த எஸ்எஸ்டி வேகமும் குறையும்.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். பெயர் தெரியாத பெட்டியில் 2 டிபி என்று எழுதி, உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி அனுப்புகிறார்கள். அது கணினியில் 2 டிபி என்றுதான் காட்டும், ஏனென்றால் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கிறது. நிறைய எழுதிய பிறகுதான் முதலில் எழுதியவை அழிந்து போயிருப்பது தெரியவரும். எந்த டிரைவ் வாங்கினாலும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச ப்ரோகிராமால் ஒருமுறை முழுக்க எழுதி, திரும்பப் படிக்கவிட்டுச் சோதியுங்கள். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் செய்யுங்கள்.

சிப்பின் ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையா, நான்கு பிட் வைக்கும் க்யூஎல்சி வகையா என்று பார்க்க முடிந்தால் டிஎல்சியை எடுங்கள். க்யூஎல்சியில் பெரிய அளவில் தொடர்ந்து எழுதும்போது வேகம் சட்டென்று விழும். மூன்று வருடமாவது வாரண்டி இருக்கட்டும்.

இப்போது இருக்கிற விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்ற முடியுமா, புதிதாகப் போட வேண்டுமா?

இரண்டும் முடியும். க்ளோன் செய்ய, அதாவது டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க, க்ளோன்ஸில்லா என்ற இலவச ப்ரோகிராம் இருக்கிறது. எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் பலரும் தங்கள் டிரைவுக்கென்றே க்ளோன் செய்யும் மென்பொருள் தருகிறார்கள். ஆனால் பத்து வருடக் குப்பையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவது எனக்கு உடன்பாடில்லை. முடிந்தால் புதிதாகப் போடுங்கள். எந்த வழியில் போனாலும் முக்கியமான ஃபைல்களை வெளியே ஒரு டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, அந்த டிரைவைக் கழற்றி ஓரமாக வைத்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். க்ளோன் செய்யும்போது எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்து, காலியான எஸ்எஸ்டியைப் பழைய டிஸ்க்கின் மேல் எழுதிவிட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். திரையில் காட்டும் கொள்ளளவை இரண்டு தடவை படித்துவிட்டு எண்டர் தட்டுங்கள்.

புதிதாகப் போடுவதாக இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். கழற்றாவிட்டால் விண்டோஸ் எஸ்எஸ்டியில் உட்கார்ந்தாலும், பூட் ஆவதற்கான சிறு பகுதியை ஹார்ட் டிஸ்க்கிலேயே விட்டு வைக்க வாய்ப்பு உண்டு. பிறகு என்றைக்காவது அந்த டிஸ்க்கைக் கழற்றினால் கணினி எழுந்திருக்காது.

பயாஸில் சாட்டா மோட் (போர்டு டிரைவோடு பேசும் முறை) பழைய ஐடிஇ என்று இருந்தால் புதிய ஏஹெச்சிஐ என்று மாற்றுங்கள். இதை விண்டோஸ் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஏற்கெனவே போட்ட பிறகு திடீரென்று மாற்றினால் நீலத் திரைதான் வரும்.

எஸ்எஸ்டியை மாட்ட கேபினெட்டில் இடம் இல்லையே?

அசையும் பாகம் இல்லாததால் ஒரு பக்கம் ஸ்க்ரூ போட்டாலும் போதும், இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினாலும் போதும். டிவிடி டிரைவின் கேபிளைக் கூட எடுத்துப் பயன்படுத்தலாம். பவர் கேபிள் இல்லையென்று பழைய நான்கு முள் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் வாங்குவதானால், முனையில் ஒயர்களைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருக்கி ஊற்றிய வகையைத் தவிருங்கள். உள்ளே ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டு உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. ஒயர்கள் தனித்தனியாகக் கவ்விப் பிடிக்கப்பட்டிருக்கும் வகை நல்லது.

ரேம் எவ்வளவு இருந்தால் போதும்?

இன்றைய பிரவுசருக்கு 4 ஜிபி மூச்சுத் திணறும். 8 ஜிபி நிம்மதி. போட்டோ எடிட்டிங், வீடியோ எடிட்டிங், கூடவே இருபது முப்பது டேப் என்றால் 16. அதற்கு மேல் பழைய பெட்டியில் போடுவது எனக்குத் தேவையாகப் படவில்லை.

சிஸ்டம் விவரப் பக்கத்தில் 32-பிட் விண்டோஸ் என்று இருந்தால் எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்குத் தெரியாது. முதலில் 64-பிட் விண்டோஸ் போடுங்கள், பிறகு ரேம் வாங்குங்கள். 8 ஜிபி ஒரே குச்சியாக இருப்பதைவிட 4 ஜிபி குச்சிகள் இரண்டாக, ஒரே நிறத்து ஸ்லாட்டுகளில் இருந்தால் இரண்டு வழியில் தகவல் போய்வரும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு இதில் கண்கூடான பலன் உண்டு, ஏனென்றால் திரையில் படம் வரைவதற்கும் அதே ரேம்தான். ஆனால் ஸ்லாட்டே இரண்டுதான் என்றால், பின்னால் 16-க்குப் போகும் எண்ணம் இருப்பவர்கள் இப்போது ஒரே 8 ஜிபி குச்சி வாங்கி ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடுவதும் புத்திசாலித்தனமே.

எந்த ரேம் வாங்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இருக்கிற குச்சியைக் கழற்றி அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பிசி3 என்று தொடங்கினால் டிடிஆர்3, பிசி4 என்றால் டிடிஆர்4. கீழ் விளிம்பில் இருக்கும் வெட்டு ஒவ்வொரு வகைக்கும் வேறு இடத்தில் இருக்கும், மாற்றிப் போட முடியாது. போகவில்லையென்றால் அழுத்தாதீர்கள். சில அலுவலகக் குட்டிப் பெட்டிகளில் லேப்டாப் ரேம் போட வேண்டியிருக்கும், கழற்றிப் பார்த்தால் நீளத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டு பொறிகள். ஒன்று, சர்வர்களிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம். பாதி விலைக்குக் கிடைக்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சாதாரண டெஸ்க்டாப் போர்டில் வேலை செய்யாது. இன்னொன்று, ஏஎம்டி கணினிக்கு மட்டும் என்று சொல்லி விற்கும் மலிவான டிடிஆர்3 குச்சிகள். இன்டெல் போர்டுகளில் அவை ஓடாது.

புது ரேம் போட்ட பிறகு ஆன் ஆகவே இல்லை. கெட்டுவிட்டதா?

முக்கால்வாசி நேரம் சரியாக உட்காரவில்லை என்பதுதான் காரணம். ஓரத்தில் இருக்கும் க்ளிப் தானாகவே 'டக்' என்று மூடிக்கொள்ளும் வரை இரு முனைகளையும் கட்டை விரலால் அழுத்துங்கள். அப்படியும் வரவில்லையென்றால் ஒவ்வொரு குச்சியாகத் தனியே போட்டு, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் சோதியுங்கள். ஆன் ஆனபின் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ப்ரோகிராமை யுஎஸ்பி டிரைவில் போட்டு ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரு சிவப்புக் கோடு வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ப்ராசஸரை மட்டும் மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் அதே சாக்கெட்டுக்குள்தான் அலைய முடியும். இன்டெல்லில் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1155, நான்காம் தலைமுறைக்கு 1150, ஆறு, ஏழுக்கு 1151. எட்டு, ஒன்பதுக்கும் 1151 என்ற அதே பெயர்தான், ஆனால் ஆறாம் தலைமுறை போர்டில் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் ஓடாது. பெயரை நம்பி வாங்கி ஏமாறுகிறவர்கள் இங்கேதான் அதிகம். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ப்ராசஸர் பட்டியல் இருக்கும். அதில் பெயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள், எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

லாபகரமான மாற்றம் என்றால் இரண்டு கோர் ஐ3-யிலிருந்து அதே சாக்கெட்டின் நான்கு கோர் ஐ5-க்கோ ஐ7-க்கோ போவது. பழைய ப்ராசஸர்கள் இரண்டாம் கையில் மலிவாகக் கிடைக்கும். ஐ5-யிலிருந்து ஐ7-க்குப் போவது அந்தப் பணத்துக்கு ஈடாகாது. ஏஎம்டி ரைசனின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்களுக்கு நல்ல யோகம். முதல் தலைமுறை ரைசனுக்கு வாங்கிய போர்டுகள் பலவற்றில் பயாஸ் அப்டேட் செய்தால் ரைசன் 5000 வரிசை வரை போடலாம். பழைய ப்ராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

யூடியூப் வீடியோ விட்டு விட்டு ஓடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். யூடியூப் இப்போது பெரும்பாலான வீடியோக்களை விபி9 அல்லது ஏவி1 என்ற முறையில் சுருக்கி அனுப்புகிறது. பழைய கிராஃபிக்ஸ் சிப்களுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. இன்டெல்லில் விபி9-ஐ முழுமையாகப் பிரிக்கும் திறன் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் அந்தச் சுமை ப்ராசஸர் தலையில் விழுகிறது. பிரவுசரில் ஹெச்264இஃபை என்ற சிறிய எக்ஸ்டென்ஷனைப் போட்டால் அதே வீடியோ ஹெச்.264 முறையில் வரும். அது பழைய சிப்களுக்குப் பழகிய மொழி. 1080பி வரைதான் கிடைக்கும், பழைய மானிட்டருக்கு அதுவே போதும். செலவு ஒன்றுமில்லை.

கேம் ஆட வேண்டும். பழைய பெட்டிக்கு எந்த கார்டு பொருந்தும்?

இங்கே கார்டை விட பவர் சப்ளைதான் பேச வேண்டியது. ஸ்லாட் வழியாக மட்டும் அதிகபட்சம் 75 வாட் தர முடியும். அதற்குள் அடங்கும் கார்டுகளுக்குத் தனி பவர் கேபிள் தேவையில்லை: ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 போன்றவை. கடைசி இரண்டிலும் கூடுதல் கேபிள் கேட்கும் மாடல்களும் இருப்பதால் படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஜிடி 1030-ல் டிடிஆர்4 பதிப்பு ஒன்று உண்டு, பெயர் அதேதான், வேகம் வெகுவாகக் குறைவு. ஜிடிடிஆர்5 என்று போட்டிருப்பதை எடுங்கள். ஒல்லியான அலுவலகப் பெட்டியாக இருந்தால் குட்டையான லோ ப்ரொஃபைல் கார்டுதான் உள்ளே போகும். ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பவர் சப்ளையை மாற்ற வேண்டுமா? பெட்டியில் 500 வாட் என்று இருக்கிறதே?

அந்த எண்ணை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைத் தேடுங்கள். அதில் 18 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் உண்பது அந்த 12 வோல்ட்டைத்தான். மேலே 500 என்று எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது அந்த 216தான்.

எஸ்எஸ்டியும் ரேமும் மட்டும் போடுபவர்கள் மாற்றத் தேவையில்லை. கார்டு போடுபவர்கள், கேமுக்கு நடுவில் கணினி திடீரென அணைந்து போகிறவர்கள், ஒரே தடவையில் ஆன் ஆகாமல் இரண்டு மூன்று தடவை பட்டனை அழுத்த வேண்டியிருப்பவர்கள் மாற்றத்தான் வேண்டும். மற்ற எந்தப் பாகத்திலும் சிக்கனம் பாருங்கள், இதில் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எஸ்எஸ்டி கெட்டால் அதோடு போகும். பவர் சப்ளை கெட்டால் மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகலாம். பெரிய நிறுவனங்களின் அலுவலகப் பெட்டிகளில் பல, பொதுவான 24 முள் இணைப்பு இல்லாமல் தங்களுக்கென்று தனி இணைப்பு வைத்திருக்கும். மாற்றும் முன் முள்களை எண்ணிப் பாருங்கள். பவர் சப்ளையின் உட்பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். கேபிளைக் கழற்றிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. இணையதளங்களும் திறக்க மறுக்கின்றன.

மதர்போர்டில் வெள்ளிக் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. தேதி தவறாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். பயாஸில் செய்த மாற்றங்களும் மறந்துபோகும். ஏஹெச்சிஐ மறுபடி ஐடிஇ ஆகிவிட்டால் விண்டோஸ் கிளம்பாது. பாவம், விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபார்மட் அடித்துவிடுகிறார்கள். இந்தப் பேட்டரிதான் முழுப் பெட்டியிலும் விலை குறைந்த பாகம், பத்து வருடப் பெட்டியைத் திறந்தால் கேட்காமலே மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் 11 போட முடியுமா? விண்டோஸ் 10-லேயே இருந்தால் ஆபத்தா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அதற்குப் பிறகும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0 (சாவிகளைப் பாதுகாக்கும் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் பயாஸ் வசதி), பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசை, இல்லையென்றால் அவற்றுக்குப் பிந்தைய ப்ராசஸர். குறுக்கு வழியில் போடுபவர்கள் உண்டு. ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து கோர் 2 டுவோ போன்ற மிகப் பழைய ப்ராசஸர்களில் அது கிளம்பவே கிளம்பாது.

பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸில் வங்கி வேலை செய்ய வேண்டாம். வேலை முழுக்க பிரவுசரிலேயே நடக்கிறதென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள், பழைய பெட்டிக்கு அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. யுஎஸ்பி டிரைவில் போட்டு, டிஸ்க்கில் எதையும் மாற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, பிரின்டர், தமிழ்த் தட்டச்சு மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருநாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எந்த நிலையில் செலவு செய்வதை நிறுத்த வேண்டும்?

மதர்போர்டில் உருளை வடிவில் நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அந்தப் போர்டுக்கு ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காதீர்கள்.

போர்டு நன்றாக இருந்தாலும், ப்ராசஸர், போர்டு, ரேம் மூன்றையும் மாற்ற வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் அது அப்கிரேட் இல்லை, துண்டு துண்டாகப் புதுக் கணினி வாங்குவது. அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்படும் எட்டாம் தலைமுறைப் பெட்டி ஒன்றின் விலையை விசாரியுங்கள். 2017 இறுதியில் வந்த அந்தத் தலைமுறையில்தான் ஐ3 நான்கு கோராகவும், ஐ5 ஆறு கோராகவும் உயர்ந்தன. விண்டோஸ் 11-உம் ஓடும். உங்கள் பெட்டிக்கு ஆகும் செலவு அதில் பாதியைத் தாண்டினால் நான் நிறுத்திவிடச் சொல்வேன். ஏற்கெனவே வாங்கிய எஸ்எஸ்டி அங்கேயும் வரும்.

இரண்டாம் கையில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

ப்ராசஸரும் ரேமும் தயங்காமல் வாங்கலாம், அவை தேய்வதில்லை. பவர் சப்ளையும் ஹார்ட் டிஸ்க்கும் வேண்டாம். எஸ்எஸ்டி என்றால், டிரைவின் ஆரோக்கியத்தைக் காட்டும் க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச ப்ரோகிராமில் மீதமுள்ள ஆயுள் சதவீதத்தைப் பார்த்துவிட்டுத்தான். கிராஃபிக்ஸ் கார்டை ஓடவிட்டுக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள்.

நானே திறந்து மாற்றப் பயமாக இருக்கிறது.

பயம் நல்லது, அவசரத்தைத் தடுக்கும். பவர் கேபிளைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனை ஐந்து வினாடி அழுத்திப் பிடியுங்கள், தேங்கிய மின்சாரம் வடியும். கம்பளத்தின் மேல் உட்காராதீர்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். எதையும் கழற்றும் முன் ஃபோனில் படம் எடுங்கள், முக்கியமாகக் கேபினெட்டிலிருந்து வரும் மெல்லிய பவர் பட்டன், எல்இடி ஒயர்கள் எங்கே செருகியிருக்கின்றன என்று. ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, ஆன் செய்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்று பாகங்களை ஒரே நாளில் மாற்றி ஆன் ஆகவில்லையென்றால் எதனால் என்று தேட ஒரு வாரம் ஆகும்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது?

க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் திறந்து பாருங்கள். டிஸ்க்கில் கெட்டுப்போன, கெடப்போகிற இடங்களை எண்ணிக் காட்டும் 05 என்ற வரிசையிலும் சி5 என்ற வரிசையிலும் ரா மதிப்பு பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறது, பெட்டிக்குள்ளேயே இரண்டாவது டிரைவாக விட்டு பேக்அப்புக்குப் பயன்படுத்துங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அதில் எதையும் நம்பி வைக்காதீர்கள். யாருக்காவது கொடுப்பதானால் குவிக் ஃபார்மட் போதாது, உங்கள் படங்களும் ஆவணங்களும் அதில் அப்படியேதான் இருக்கும், இலவச ப்ரோகிராம் ஒன்றால் யாரும் மீட்டுவிடலாம். ஃபார்மட் பெட்டியில் குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதி நிரப்பும். 1 டிபி டிஸ்க்குக்குச் சில மணி நேரம் பிடிக்கும், இரவு தூங்கப் போகும் முன் தொடங்கிவிடுங்கள்.